ஷாட் கிளாக் இல்லாத ஊர்: இந்தியானா நாட்குறிப்பு

வியாழன், பிப்ரவரி 6, 2025. இந்தியானாபொலிஸ்

பள்ளிப் பையன் ஒருவன் கூடைப்பந்து ஆடுவதைப் பார்க்க சிகாகோவிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். சிரித்தார்கள். இந்தியானாவில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் அதையே சொன்னேன். "எந்தப் பள்ளி?" என்று கேட்டார்கள்.

பையனுக்கு வயது 17, பள்ளியில் கடைசி ஆண்டு. பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவன். டிவிஷன் 1, அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டத்தில் ஆடும் கல்லூரி ஒன்று உதவித்தொகையோடு இடம் கொடுத்து நவம்பரில் கையெழுத்தும் வாங்கிவிட்டது. அவன் பெயரை எழுதப் போவதில்லை. ஊர், பள்ளி, கல்லூரி எதையும்தான். அந்த வயதுப் பையனைப் பற்றி ஏற்கெனவே ஆளாளுக்கு எழுதுகிறார்கள், அது போதும்.

என்னை இழுத்துவந்தவர் அண்ணன். கோவையில் பொறியியல் படித்தபோது எனக்கு சீனியர், கல்லூரி அணியின் கார்டு. இப்போது கொலம்பஸில் இருக்கிறார். ஒஹாயோவில் இருக்கும் கொலம்பஸ் இல்லை, இந்தியானாவில் இருப்பது. கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியின் தலைமையகம் அங்கேதான், அதனால் நம்மாட்களும் நிறைய. வார நாட்களில் டீசல் எஞ்சின், வார இறுதியில் பள்ளிக் கூடைப்பந்து என்று அவர் வாழ்க்கை ஓடுகிறது. ஆட்டக்காரர்களைப் பற்றிச் சின்னக் கல்லூரிகளுக்கு அறிக்கை அனுப்பும் சிறு சேவை ஒன்றுக்காக ஆட்டம் பார்த்து எழுதித் தருகிறார். பெட்ரோல் காசுக்கு மேல் ஒன்றும் தேறாது.

கையெழுத்து ஆன பையனை எதற்கு மறுபடியும் பார்க்கணும் என்று கேட்டேன்.

"கையெழுத்தெல்லாம் இப்ப பென்சில்ல போடற மாதிரிங்க தம்பி" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பள்ளி மாணவனைக் கல்லூரியோடு கட்டிப்போட 1964-லிருந்து ஒரு தனி ஒப்பந்தம் இருந்தது. போன அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது உதவித்தொகைக்கான ஒப்பந்தம் மட்டும்தான். கல்லூரிக்குப் போனபிறகும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட்டு வருடா வருடம் வேறு கல்லூரிக்கு மாறலாம். முன்பு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும், இப்போது அதுவும் கிடையாது. ஆகவே இன்று பெரிய இடத்துக்குப் போகிறவன் அடுத்த வருடமே சின்ன இடத்துக்கு வரலாம். சின்னக் கல்லூரிகள் எல்லோரையும் பற்றிக் குறித்து வைத்துக்கொள்கின்றன. அண்ணன் போன ஜூலையில் இந்தப் பையனைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியிருந்தார். அதைச் சரிபார்க்கத்தான் இந்த வார இறுதி.

மதியம் பட்லர் பல்கலைக்கழகத்தின் ஹிங்கிள் ஃபீல்டுஹவுஸில் சந்தித்தோம். 1928-ல் கட்டிய செங்கல் கட்டடம். கூரைக்குக் கீழே இரும்பு வளைவுகள், உயரத்தில் வரிசையாக ஜன்னல்கள். நாங்கள் போனபோது உள்ளே ஒருவரும் இல்லை. மேல் வரிசையில் போய் உட்கார்ந்தோம், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

1954 மார்ச் 20 அன்று மாநில இறுதி ஆட்டம் இங்கேதான் நடந்தது. அந்த வருடம் போட்டியில் கலந்துகொண்டவை 751 பள்ளிகள். எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பை. பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவு கிடையாது. 161 மாணவர்கள் படித்த மைலன் என்ற கிராமத்துப் பள்ளி, அதைப்போல் பத்து மடங்கு பெரிய மன்சி சென்ட்ரலை 32–30 என்று வென்றது. கடைசி நொடிகளில் பந்தைப் போட்டவன் பாபி பிளம்ப், மைலனின் கார்டு. அமெரிக்காவில் பலருக்கும் தெரிந்த கதை இது.

அண்ணன் கதையை அந்தக் கடைசி ஷாட்டிலிருந்து தொடங்குவதில்லை. அதற்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்வார். கடைசி கால்பகுதியில் மைலன் இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறது. பின்தங்கிய அணி என்ன செய்யும்? ஓடும். பிளம்ப் அப்படியே நின்றான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடத்துக்கும் மேல் சும்மா நின்றான். எதிரணி முன்னிலையில் இருந்ததால் வெளியே வந்து பிடுங்கவில்லை. அரங்கம் முழுக்க ஆட்கள், கோர்ட்டில் பத்துப் பையன்கள், அசைவே இல்லை.

அப்போது ஷாட் கிளாக் கிடையாது. இன்றும் இந்தியானாவின் பள்ளி ஆட்டத்தில் கிடையாது. கல்லூரியில் 30 நொடிக்குள் பந்து வளையத்தை நோக்கிப் போயாக வேண்டும். பள்ளியில் வேண்டிய மட்டும் வைத்திருக்கலாம். "அந்தப் பையன் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறான்னு மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் பேப்பர்ல வந்துரும்" என்றார் அண்ணன். இந்த மூன்று நாளும் எனக்குக் கொடுத்த வேலை அதுதான்.

அங்கிருந்து கிரிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளிப் பக்கம் போனோம். நகரத்தின் கறுப்பின மாணவர்களைத் தனியே பிரித்து வைக்க 1927-ல் திறந்த பள்ளி இது. 1942 வரை மாநிலப் போட்டியில் இவர்களுக்கு அனுமதியே இல்லை. சொந்த அரங்கம் போதாமல் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். பின்னாளில் என்பிஏ தொழில்முறைக் கூடைப்பந்தின் பெரிய நட்சத்திரமான ஆஸ்கர் ராபர்ட்சன் இங்கே படித்தவர். 1954-ல் மைலன் கோப்பைக்குப் போகிற வழியில் தோற்கடித்த அணிகளில் அட்டக்ஸும் ஒன்று, அப்போது ஆஸ்கர் இரண்டாம் ஆண்டு மாணவர். அடுத்த இரண்டு வருடமும் கோப்பை அட்டக்ஸுக்குத்தான். 1956-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, 31-க்கு 31.

1955-ல் ஜெயித்த இரவில் என்ன நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஜெயித்த அணி நகர நடுவில் இருக்கும் நினைவுச்சின்ன வட்டத்தில் கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் பையன்களின் ஊர்வலத்தை வட்டத்தில் நிற்கவிடாமல், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் இருந்த பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்கர் கல்லூரிக்கு இந்தியானாவிலேயே தங்கவில்லை. பக்கத்து மாநிலத்தில் சின்சினாட்டிக்குப் போனார். ஆடிய மூன்று வருடமும் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான்.

இரவு கொலம்பஸில் அண்ணி வைத்த மிளகு ரசம். சிகாகோவுக்கும் இங்கேயும் ஒரு மணி நேர வித்தியாசம், அதனால் எனக்குத் தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

வெள்ளி, பிப்ரவரி 7. நியூ காசில், பிறகு பெயர் சொல்லாத ஓர் ஊர்

நியூ காசில் 18,000 பேர்கூட இல்லாத ஊர். பள்ளியின் கூடைப்பந்து அரங்கத்தில் 8,400-க்கு மேல் இருக்கை. 1959-ல் கட்டியது; உலகத்திலேயே பெரிய பள்ளி அரங்கம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்தால் நாம் நிற்பது கடைசி வரிசை, கோர்ட் எங்கோ கீழே பள்ளத்தில் இருக்கிறது.

பாதி ஊர் உட்காருகிற அரங்கம் ஒரு பள்ளிக்கு எதற்கு? ஊர்ப் பெருமை ஒரு காரணம். இன்னொன்று காசு. மாநிலப் போட்டியின் முதல் கட்டத்துக்கு செக்‌ஷனல் என்று பெயர். பெரிய அரங்கம் இருக்கிற பள்ளிக்கு அதை நடத்தும் வாய்ப்பு கிடைக்கும், டிக்கெட் வருமானமும் வரும், சொந்த ஊரில் ஆடுகிற வசதியும் சேரும். அதனால் ஒரு ஊர் கட்டினால் பக்கத்து ஊர் அதைவிடப் பெரிதாகக் கட்டியது. அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளி அரங்கங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாநிலத்தில் இருப்பதற்கு இந்தப் போட்டிதான் காரணம்.

பக்கத்திலேயே மாநிலக் கூடைப்பந்துப் புகழ் அரங்கம் இருக்கிறது. ஜான் வுடனுக்கு அங்கே நல்ல இடம். கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகப் பயிற்சியாளராகப் பத்து தேசியக் கோப்பை வென்றவர் என்று உலகத்துக்குத் தெரியும். இந்தியானாவுக்கு அவர் முதலில் 1927-ல் கோப்பை வென்ற மார்ட்டின்ஸ்வில் பள்ளியின் கார்டு, அப்புறம் பர்டூ பல்கலைக்கழகத்தின் கார்டு.

எனக்கு ஸ்டீவ் ஆல்ஃபோர்டின் பகுதியை விட்டு நகர மனமில்லை. நியூ காசில் பையன், அப்பாதான் பள்ளிப் பயிற்சியாளர். 1983-ல் கடைசி ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரி 37.7 புள்ளி. அப்போது பள்ளி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார், 1984-ல் ஒலிம்பிக் தங்கம். 1987 தேசிய இறுதி ஆட்டத்தில் சிராக்யூஸுக்கு எதிராக ஏழு மூன்று புள்ளி ஷாட் போட்டார். கல்லூரி ஆட்டத்தில் அந்தக் கோடு நாடு முழுவதும் வந்த முதல் பருவம் அது. தூரம் 19 அடி 9 அங்குலம்.

இன்று பள்ளிக் கோடு அதே 19 அடி 9 அங்குலம். கல்லூரிக் கோடு 2019-லிருந்து 22 அடி 1¾ அங்குலம். ஏறக்குறைய இரண்டரை அடி கூடுதல். அண்ணன் நோட்டில் மூன்று புள்ளி ஷாட்டுக்கு இரண்டு பத்தி போட்டிருப்பது இதற்காகத்தான். பள்ளிக் கோட்டை ஒட்டிப் போட்டால் முதல் பத்தி. நன்றாகப் பின்னால் நின்று போட்டால் இரண்டாவது. முதல் பத்தியில் விழுகிற பந்தை அவர் பாதியாகத்தான் மதிப்பார்.

சாயங்காலம் அந்த ஊர். ஆறரைக்கே பாதி அரங்கம் நிறைந்துவிட்டது. பாப்கார்ன் வாசனை, பள்ளி பேண்டு, போன வருடம் படித்து முடித்த பையன்கள் ஓரமாகக் கூட்டமாக. ரொட்டியைவிட இரண்டு மடங்கு அகலமாக, வறுத்த பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் இந்த மாநிலத்தின் அடையாளம். எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பது என்றே தெரியவில்லை. கடித்தேன், நன்றாகவே இருந்தது.

எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு எழுபது வயது இருக்கும். பையனை ஐந்தாம் வகுப்பிலிருந்தே பார்த்துவருகிறாராம். பேச்சு அப்படியே டேமன் பெய்லிக்குப் போனது. இங்கே யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்தில் அங்கே வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பு படிக்கும்போதே இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாபி நைட் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போன பையன். 3,134 புள்ளியோடு மாநிலச் சாதனை இன்றும் பெய்லி பெயரில்தான். 1990 இறுதி ஆட்டத்தைப் பார்க்க 41,046 பேர் வந்தார்கள். அதில் தன் அணியின் கடைசி 11 புள்ளியையும் அவன் ஒருவனே போட்டான். பெரியவர் அந்த 41,046 பேரில் தானும் ஒருவர் என்றார். இந்தியானாவில் அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு லட்சம் பேராவது இருப்பார்கள் என்று அண்ணன் பிறகு காரில் சொன்னார்.

சரி, பையனுக்கு வருகிறேன். உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் மேல். கல்லூரியில் கார்டு ஆட அது குறைவு என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் பயப்படுகிற உயரமும் இல்லை. வார்ம்-அப்பில் இடது கையில்தான் அதிகம் ஆடினான். அண்ணனுக்கு அது பிடித்தது. "கோடைல இடது கை ஊன்றுகோல் மாதிரிதான் இருந்துச்சு" என்று நோட்டில் ஒரு டிக் போட்டார்.

எதிரணி சின்னப் பள்ளி, ஓட்டத்தில் இவர்களுக்கு ஈடு கொடுக்க முடியாது. 2–3 ஜோன், அதாவது ஆளைப் பிடிக்காமல் முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று இடத்தைக் காக்கும் தடுப்பு போட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். தங்கள் கையில் பந்து வந்தால் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று சுற்றிச் சுற்றிக் கொடுத்தார்கள். 32 நிமிட ஆட்டம் இருபது நிமிடமாகச் சுருங்கிவிட்டது. அண்ணன் பையன் கையில் பந்து இருக்கிற நேரத்தை வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... விட்டான்." கூட உட்கார்ந்து பார்ப்பது கொஞ்சம் கடுப்பான அனுபவம்தான்.

ஜோனுக்கு எதிராகப் பையன் அவசரப்படவில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அருகில் ஒருவனை நிறுத்தி அவனுக்குப் பந்தைக் கொடுத்தான், திரும்ப வாங்கினான், மறுபடி கொடுத்தான். மூன்றாவது முறை நடுவில் இருந்தவன் ஒரு அடி முன்னே வந்தான். அந்த இடைவெளியில் பின்கோட்டுப் பக்கம் பாஸ், வளையத்துக்குப் பக்கத்திலிருந்தே போடுகிற லேஅப். இதே விஷயம் இன்னும் சில முறை நடந்தது. அவன் எடுத்த புள்ளி சொற்பம். மூன்று புள்ளி ஷாட்டில் இரண்டு விழுந்தது, இரண்டும் அண்ணனின் முதல் பத்தி.

கடைசி இரண்டு நிமிடம் இவர்களுக்கு மூன்று புள்ளி முன்னிலை. இப்போது எதிரணி ஜோனை விட்டு வெளியே வந்து ஆளுக்கு ஆள் பிடித்தார்கள். இங்கே ஒரு விதி இருக்கிறது. ஷாட் கிளாக் இல்லையென்றாலும், தடுப்பவன் ஆறடிக்குள் இருந்தால் பந்தை ஐந்து நொடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. டிரிபிள் செய்துகொண்டிருந்தாலும் நடுவர் கையை வீசி எண்ணுவார். தலையும் தோளும் தடுப்பவனைத் தாண்டிவிட்டால் எண்ணிக்கை முறியும். பையன் நான்கு என்று வரும்வரை நின்று, ஒரு எட்டு வைத்துத் தோளைத் தாண்டினான், பின்வாங்கினான். நடுவர் மறுபடி ஒன்றிலிருந்து. அப்படியே ஏறக்குறைய முழு இரண்டு நிமிடம், நடுவில் ஒரே ஒரு பாஸ் கொடுத்து வாங்கினான். அரங்கமே எழுந்து நின்றது. கடைசியில் தட்டி நிறுத்தினார்கள், இரண்டு ஃப்ரீ த்ரோவும் உள்ளே.

நான் கத்தினேன் என்று அண்ணன் சொல்கிறார். இருக்கலாம்.

திரும்பும்போது காரில் சண்டை. "பார்க்க அழகா இருந்துச்சு, ஆனா இது கல்லூரியில செல்லாதுங்க. அங்க முப்பது செகண்ட். நிக்கறதுக்கு யாரும் காசு குடுக்க மாட்டாங்க" என்றார். எனக்கு ஒப்பவில்லை. ஐந்து நொடியில் நான்கு முடியும் வரை பதறாமல் இருக்கிறவனுக்கு முப்பது நொடி எவ்வளவு பெரிய நேரம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, ரேடியோவைப் போட்டார்.

சனி, பிப்ரவரி 8. மைலன், இரவு இந்தியானாபொலிஸ் பக்கம்

காலையில் தென்கிழக்கே மைலன் போனோம். மொத்தமே 2,000 பேருக்குக் குறைவான ஊர். கறுப்பு வண்ணத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது, அதில் 1954 மாநிலச் சாம்பியன் என்று எழுதியிருக்கிறார்கள். கடைத்தெருவில் அந்த அணிக்கென்றே ஓர் அருங்காட்சியகம். குளிர் கொன்றது, சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

வழியில் அண்ணன் ஒன்று சொன்னார். மைலன் மாதிரி இனி நடக்காது. 1997-98-லிருந்து பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி நான்காகப் பிரித்து நான்கு கோப்பை கொடுக்கிறார்கள். கிராமப் பள்ளிகளையும் ஒன்றோடு ஒன்று இணைத்து மூடிவிட்டார்கள். 751 இருந்த இடத்தில் இன்று ஏறக்குறைய 400. நான்கு கோப்பையை இன்னும் திட்டுகிற பெரியவர்கள் இங்கே ஏராளம். எனக்கு அவர்கள் பக்கம்தான் மனம் போகிறது, ஆனால் எந்தச் சின்னப் பள்ளிப் பையனைக் கேட்டாலும் நான்கே இருக்கட்டும் என்பான்.

இரவு ஆட்டம் நகரத்துப் பள்ளி ஒன்றின் அரங்கத்தில். நேற்றைக்கு நேரெதிர். முழு கோர்ட்டிலும் அழுத்தினார்கள். பந்து உள்ளே வந்தவுடன் இரண்டு பேர் பையன் மேல் பாய்ந்தார்கள், பத்து நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். முதல் நான்கு நிமிடத்தில் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தான். ஒன்று பக்கக்கோட்டோரம் மாட்டிக்கொண்டது, ஒன்று தலைக்கு மேல் போட்ட பாஸ், ஒன்று சும்மா காலில் பட்டுப் போனது.

கோர்ட் ஓரத்தில் கல்லூரிச் சின்னம் போட்ட பனியனோடு இரண்டு உதவிப் பயிற்சியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பையனைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, எதிரணியில் இன்னும் கையெழுத்திடாத ஒருவனுக்காக வந்திருக்கிறார்கள். எங்கள் பையன் பந்தைப் பறிகொடுத்தபிறகு எங்கே பார்க்கிறான் என்பதை அண்ணன் கவனித்துக்கொண்டிருந்தார். பெஞ்சைப் பார்க்கிறவன், நடுவரைப் பார்க்கிறவன், தன் கையையே பார்க்கிறவன் என்று அவர் ரகம் பிரித்து வைத்திருக்கிறார். இவன் பந்து போன பக்கம் பார்த்து ஓடினான். மூன்றாவது முறை எதிரணிக்காரனின் லேஅப்பைப் பின்னாலிருந்து வந்து தொட்டு வெளியே அனுப்பினான்.

இரண்டாம் கால்பகுதியில் விடை கண்டுபிடித்தான். பந்தை வாங்கியவுடன் டிரிபிள் செய்வதை நிறுத்தினான். வாங்கி, திரும்பி, இரண்டு பேரும் நெருங்கும்வரை காத்திருந்து, நடுவில் நின்ற உயரமான பையனுக்கு இடது கையால் ஒரு பாஸ். அதோடு அழுத்தம் உடைந்தது, மூன்றுக்கு இரண்டு என்று எதிர்ப்பக்கம் ஓடினார்கள். அந்த இடது கைப் பாஸை ஜூலையில் அவனால் போட முடியாது என்று அண்ணன் எழுதியிருந்தார். பேனாவால் அதை அடித்தார். அடிக்கும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான்காம் கால்பகுதியில் கால் தளர்ந்தது. அவனுக்கு மாற்று ஆள் இல்லை, முழு நேரமும் ஆடியிருக்கிறான். தடுப்பவனின் வழியை மறித்து எதிரணி ஆள் நிற்பதற்கு ஸ்கிரீன் என்று பெயர். அதற்கு மேலே ஏறிப் போக வேண்டிய இடத்தில் கீழே போனான், அவன் தடுக்க வேண்டிய ஆள் இரண்டு முறை தூரத்திலிருந்து போட்டான். பையன் போட்டவற்றில் ஒன்று அண்ணனின் இரண்டாவது பத்தியில் விழுந்தது, நன்றாகப் பின்னால் நின்று, தடுப்பவன் கை முகத்துக்கு முன்னால் இருக்கும்போது. ஆனாலும் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்தும் சின்னப் பிள்ளைகள் அவனிடம் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றார்கள், வெளியூர் அரங்கத்தில். ரோமியோ லாங்ஃபோர்ட் நியூ ஆல்பனியில் ஆடிய காலத்தில் இந்த வரிசை பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. 2018 ஏப்ரல் 30 அன்று எந்தக் கல்லூரி என்று அறிவிக்க அவன் பள்ளி அரங்கத்திலேயே கூட்டம் கூடியது. ஒரு வருடம் இந்தியானா பல்கலைக்கழகம், அப்புறம் 2019-ல் என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது 14-ஆவது ஆளாக பாஸ்டன் எடுத்தது. 18 வயதில் ஊரே கூடி நின்று பார்ப்பதைச் சுமக்க முடிகிறதா என்று எந்தப் பத்தியில் எழுதுவது? அண்ணனிடம் கேட்டேன். "அதுக்குப் பத்தி இல்லைங்க" என்றார்.

ஞாயிறு, பிப்ரவரி 9. கொலம்பஸ்

இட்லி, வெளியே பனி, சாப்பாட்டு மேசையில் லேப்டாப். இன்று அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் என்பதால் ஊரே பகல் முழுக்க வீட்டுக்குள்.

அறிக்கை ஒரு பக்கம்தான். புள்ளிக் கணக்கு ஒன்றுகூட இல்லை. இடது கை: கோடையைவிட வெகு முன்னேற்றம். பாஸ்: முன்கூட்டியே பார்க்கிறான். மூன்று புள்ளி: பள்ளிக் கோட்டில் நம்பலாம், கல்லூரிக் கோட்டில் இன்னும் சொல்ல முடியாது. ஸ்கிரீனைக் கடப்பது: சோர்ந்தால் குறுக்கு வழி. உடம்பு: எடை ஏற வேண்டும்.

எடை விஷயத்தில் அண்ணன் பிடிவாதம். கோவிட் காலத்தில் கொடுத்த கூடுதல் ஆண்டால் கல்லூரியில் இந்தப் பருவத்தில்கூட 23, 24 வயதுக்காரர்கள் ஆடுகிறார்கள். அவர்கள் போய்விடுவார்கள், ஆனால் பழக்கம் போகாது. பயிற்சியாளருக்கு உடனே ஜெயித்தாக வேண்டும், தோற்றால் வேலை போய்விடும். போர்ட்டலில் மூன்று வருடம் ஆடிப் பழகிய 22 வயது கார்டு கிடைக்கும்போது, 18 வயதுப் பையனை எதற்கு இரண்டு வருடம் வளர்க்க வேண்டும்? வளர்த்தபிறகு அவனும் வேறு இடத்துக்குப் போய்விட்டால்? பள்ளிப் பையன்களுக்கான இடம் குறைகிறது என்று இங்கே எல்லாப் பயிற்சியாளர்களும் புலம்புகிறார்களாம். 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் அரங்கம் நிறைத்தவர்களுக்கு எதுவும் கிடைக்காமல் இருந்ததுதான் அநியாயம். ஆனால் இந்தப் பையனைப் போன்ற கார்டுக்கு வளர நேரம் வேண்டும், இன்றைய ஏற்பாட்டில் அதை யார் கொடுப்பார்கள்?

கடைசி வரிக்காக மறுபடி வாக்குவாதம். வெள்ளிக்கிழமை அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டும் என்றேன். அவர் சனிக்கிழமை முதல் நான்கு நிமிடம்தான் உண்மையான கல்லூரி ஆட்டம் என்றார். சனிக்கிழமை அழுத்தத்தை உடைத்ததும் காத்திருந்துதான் என்றேன் நான். இரண்டு பேரும் நெருங்கும்வரை பந்தை விடாமல் நின்றானே, வெள்ளிக்கிழமை நான்கு எண்ணும்வரை நின்ற அதே பையன்தானே அவன். அண்ணன் வீடியோவை ஓடவிட்டார். வாய்க்குள் எண்ணினார். ஒரு நொடி, இரண்டாவது நொடியில் பாஸ். மறுபடி ஓடவிட்டார்.

பிறகு எழுதியது இது: "நெருக்கடியில் ஒரு நொடி கூடுதலாக எடுத்துக்கொள்கிறான். கல்லூரி வேகத்தில் அந்த நொடி கிடைக்குமா என்று தெரிய முதல் ஆண்டு தேவை. முதல் ஆண்டு பெஞ்ச். விட்டுவிட்டால் நாம் எடுக்கலாம்."

"நாம் எடுக்கலாம்" என்று எழுதியது அவர் அறிக்கை அனுப்புகிற சின்னக் கல்லூரிகளுக்காக. பையன் அந்த நிலைக்கு வரக் கூடாது என்றுதான் எனக்கு ஆசை. அண்ணனுக்கும் அப்படித்தான் என்று அண்ணி சொன்னார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மாத முடிவில் செக்‌ஷனலுக்கு யாரோடு யார் என்று குலுக்கல். மார்ச் முதல் வாரம் ஆட்டம், ஒன்று தோற்றாலும் பையனின் பள்ளி ஆட்டம் முடிந்துவிடும். டிக்கெட் கிடைத்தால் அண்ணன் போன் பண்ணுவார். நான் ஐந்து மணிக்குள் கிளம்ப வேண்டும், லஃபாயெட்டுக்கு வடக்கே பனி கொட்டுகிறதாம்.